‘பிடிக்கேன்’ என்று கத்தாதே

வள்ளியூருக்குத் தெற்கே ஒரு பள்ளியில் பதினோரு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். பள்ளி விளையாட்டுப் போட்டிகளின் பட்டியலில் பேஸ்பாலும் இருந்தது. அதற்கு அணி அனுப்பும் பள்ளிகள் எங்கள் பக்கத்தில் குறைவு என்பதால், கிரிக்கெட் அணியில் இடம் கிடைக்காத பையன்களைச் சேர்த்து ஓர் அணியை உருவாக்கினேன். ஆட்ட விதிகளைக் கற்பிப்பது எளிதாகவே இருந்தது. காற்றைத்தான் கற்பிக்க முடியவில்லை. காற்றாலைகள் நிற்கும் அந்தப் பூமியில், ஆடி மாதம் மேற்கேயிருந்து கணவாய் வழியாக வரும் காற்று, உயர எழும்பிய பந்தை அது இறங்க வேண்டிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிக்கொண்டு போய்விடும். அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியில், நிற்பவன் அண்ணாந்து பார்த்தபடியே ஓட வேண்டும்; பக்கத்தில் ஓடிவருகிறவனும் பின்னால் இருக்கும் சுவரும் அவன் கண்ணில் படுவதில்லை.

அப்படி ஓர் ஆடி மாதத்தில், வெளியூர்ப் போட்டி ஒன்றில், இடதுபுறம் நின்றவனும் நடுவில் நின்றவனும் ஒரே பந்துக்கு ஓடி மோதிக்கொண்டார்கள். ஒருவனுக்கு உதடு கிழிந்து இரத்தம் வந்ததால் எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டோம். மற்றவன், நடுவில் நின்ற பையன், தானே எழுந்து உடையைத் தட்டிக்கொண்டு, “ஒண்ணுமில்ல சார்” என்றான். எத்தனை விரல் என்று கேட்டேன், சரியாகச் சொன்னான். ஆடச் சொன்னேன். என் பணிக்காலத்தில் நான் எடுத்த மிக மோசமான முடிவு அதுதான். அடுத்த சுற்றில் அவன் தன் இடத்துக்குப் போகாமல் வலதுபுறம் போய் நின்றான். திரும்பி வந்ததும், “பந்தப் பிடிச்சனா சார்?” என்று கேட்டான், பதில் சொன்ன சில நிமிடங்களில் அதையே மறுபடி கேட்டான். மூன்றாம் முறை கேட்டபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மருத்துவமனைக்குப் போகும் வழியில் வாந்தியெடுத்தான்.

ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. நான் நிம்மதியாக மூச்சுவிட்டதைப் பார்த்த மருத்துவர், அந்த நிம்மதி தவறு என்று சொல்லாமல் சொன்னார். மண்டைக்குள் இரத்தக் கசிவோ எலும்பு முறிவோ இருந்தால்தான் ஸ்கேன் காட்டும். கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சி அதில் தெரியாது. ஓடுகிற தலை திடீரென்று நிறுத்தப்படும்போது உள்ளே இருக்கும் மூளை குலுங்கி, அதன் செல்களின் வேலை சில நாள்களுக்கோ சில வாரங்களுக்கோ தாறுமாறாகிவிடுகிறது; தலையில் நேரடியாக அடிபடாமல் உடம்பு மட்டும் வேகமாக உலுக்கப்பட்டாலும் இது நேரலாம். நினைவு தப்பி விழுந்தால்தான் கன்கஷன் என்று நான் அதுவரை நம்பியிருந்தேன். பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதே இல்லையாம். அடுத்த நாள் அவன் வீட்டுக்குப் போனபோது அவனுடைய ஆச்சி, “வெளிச்சத்தக் கண்டாலே மூஞ்சியத் திருப்புதான் சார், யாரு பேசுனாலும் எரிஞ்சு விழுதான்” என்றார். அவன் வகுப்புக்கு வந்து கரும்பலகையைத் தொடர்ந்து பார்க்க மூன்று வாரங்கள் ஆயின.

அந்த மூன்று வாரமும் நான் திரும்பத் திரும்ப யோசித்தது ஒன்றைத்தான்: இருவரும் குரல் கொடுத்தார்களே, பிறகு ஏன் மோதினார்கள்? உதடு கிழிந்தவனைக் கேட்டேன். “அவன் ‘பிடி’ன்னான் சார், அதான் போனேன்” என்றான். நடுவில் நின்றவன் கத்தியது ‘பிடிக்கேன்’. எங்கள் பேச்சில் ‘நான் பிடிக்கிறேன்’ என்பதற்கு அதுதான் சொல். தமிழில் வினைச்சொல்லின் கடைசியில்தான் ஆள் இருக்கிறான். காற்று அந்தக் கடைசியைத்தான் தின்றுவிடுகிறது. ‘பிடிக்கேன்’ என்பதில் ‘க்கேன்’ பறந்துபோனால் மிஞ்சுவது ‘பிடி’, அதாவது நேர் எதிரான கட்டளை. ‘விடு’ என்பதும் அப்படித்தான்; பந்தை விடு என்பதா, என்னை விடு என்பதா என்று ஓடுகிறவனால் பிரித்தறிய முடியாது. நூற்றுக்கணக்கான முறை காதில் விழுந்த இந்தச் சொற்களை அந்த நாள்வரை நான் கவனித்ததே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் அணியில் குரல் ஒன்றுதான்: “நான், நான், நான்.” மூன்று முறை சொல்ல வேண்டும்; பந்து ஏறும்போது அல்ல, அது உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிய பிறகு சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குமுன் அது எங்கே இறங்கும் என்று காற்றுக்கே தெரியாது. கேட்டவன் “நீ” என்று ஒருமுறை பதில் சொல்லிவிட்டு, அவனுக்குப் பின்பக்கமாக விலகி, பந்து தவறினால் எடுப்பதற்கு நிற்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டால் சென்டர் ஃபீல்டர், அதாவது நடுவில் நிற்பவன், சொல்வதே செல்லும். உள்வட்டத்திலிருந்து பின்னோக்கி ஓடிவரும் ஷார்ட்ஸ்டாப் எனப்படும் தடுப்பாளர், முன்னோக்கி ஓடிவரும் அவுட்ஃபீல்டருக்கு வழிவிட வேண்டும், முன்னோக்கி வருகிறவனுக்குத்தான் பந்தும் ஆளும் ஒருசேரத் தெரியும். இந்த முன்னுரிமை ஒழுங்கு பேஸ்பாலில் உலகெங்கும் உள்ளது, நான் கண்டுபிடித்ததல்ல. கூச்சமுள்ள பையன்களைக் கத்தவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பந்தே இல்லாமல், மாலையில் அரைமணி நேரம் வெறுமனே ஓடிக் கத்தும் பயிற்சியைக் கண்டு சக ஆசிரியர்கள் சிரித்தார்கள்.

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் இது நேர்கிறது. 2005 ஆகஸ்டில் சான் டியேகோவில் நியூயார்க் மெட்ஸ் அணியின் மைக் கேமரனும் கார்லோஸ் பெல்ட்ரானும் ஒரே பந்துக்குப் பாய்ந்து முகத்தோடு முகம் மோதியதில், கேமரனுக்குக் கன்ன எலும்புகள் முறிந்து அந்தப் பருவமே முடிந்துபோனது. சென்னை அணிக்காக ஆடி நம் பையன்களுக்கு அறிமுகமான கிரிக்கெட் வீரர் டு பிளெசிஸ், 2021 ஜூனில் அபுதாபியில் எல்லைக்கோட்டருகே பாய்ந்தபோது சக வீரரின் முழங்காலில் தலை மோதி, தனக்குக் கன்கஷன் என்றும் கொஞ்சம் மறதி இருக்கிறது என்றும் தானே எழுதினார். அதைச் சொன்ன பிறகுதான் என் அணி இந்த நோயை நம்பியது.

சுவர் வேறு கதை. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் பீட் ரெய்சர் 1941-இல், அமெரிக்காவின் இரு பெரிய பேஸ்பால் லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த மட்டையாளர்; 1942-இல் செயின்ட் லூயிஸில் சுவரில் மோதினார், 1947-இல் தன் சொந்த மைதானமான எபெட்ஸ் ஃபீல்டில் மறுபடி மோதினார், அவருடைய ஆட்டம் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. அதன்பின் அந்த மைதானத்தின் சுவருக்கு மெத்தை பதித்தார்கள். 1949-இல் பெரிய லீக் மைதானங்களில் சுவரையொட்டிப் புல் இல்லாத ஓர் எச்சரிக்கைப் பட்டை கட்டாயமானது. கண் மேலே இருக்கும்போது பாதம் பார்த்துச் சொல்லட்டும் என்பதுதான் அதன் சூட்சுமம்.

எங்களிடம் புல்லே கிடையாது. எனவே, சுவரிலிருந்து, நடந்தால் ஆறு எட்டு வைக்கும் தூரத்துக்குச் சரளையைப் பரப்பினோம். கட்டாந்தரையில் ஓடிவந்த கால் சரளையை மிதித்ததும், “ஓட்டத்தில் இன்னும் மூன்று எட்டுதான், கையை நீட்டிச் சுவரைத் தேடு” என்று பழக்கினேன். சுவரில் தென்னை நார் அடைத்த கோணிச் சாக்குகளைத் தொங்கவிட்டோம். ஐப்பசி மழையில் அவை ஊறி நாறின, ஒரு சாக்கில் தேள் குடியேறியது. ஆண்டுதோறும் மாற்றினோம்.

பெற்றோர் பலர் ஹெல்மெட் வாங்கித் தரலாமே என்று கேட்டதுண்டு. மட்டை பிடிப்பவனுக்கு அது கட்டாயம். மண்டை உடையாமல் அது காக்கும். ஆனால், மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது நிறுத்திவிடாது என்பதை விளக்கி, அந்தப் பணத்தில் சரளை வாங்கினேன்.

இத்தனைக்கும் பிறகு இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு பையன் சுவரில் மோதினான். இம்முறை நான் விரலைக் காட்டவில்லை. எந்த ஊர் மைதானம், கடைசியாக யார் ஓட்டம் எடுத்தது, எதிரணி எது என்று கேட்டேன், இரண்டாவதில் தடுமாறினான். அன்றைய ஆட்டம் அவனுக்கு அதோடு முடிந்தது. ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். அவன் அப்பா மறுநாள் வந்து, “என்ன சார், சின்ன அடிக்குப் போயி பிள்ளையை ஒக்கார வச்சிட்டீய” என்று வருத்தப்பட்டார். முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால், அது லேசானதாக இருந்தாலும் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், அதிலும் இளம் வயதினருக்கு அந்த ஆபத்து உண்டு என்று சொன்னேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. அவனை ஆட்டத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தது படிப்படியாகத்தான்: ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, மெல்லோட்டம், தனியாகப் பந்தெறிதல், மருத்துவர் ஒப்புதலுக்குப் பின் முழுப் பயிற்சி, அதற்கும் பிறகே ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள், தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே. பாடம் படிக்க முடியாதவன் பந்து பிடிக்கப் போகக் கூடாது என்பதையும் நானே சேர்த்துக்கொண்டேன்.

இப்போது சேரன்மகாதேவிப் பக்கம் மாற்றலாகி வந்திருக்கிறேன். இங்கே காற்று சாது; மைதானத்துக்குச் சுவரும் இல்லை. ஆனால், இடதுபுற எல்லையில் மூன்று பனைமரங்கள் நிற்கின்றன. வந்த முதல் வாரமே அவற்றுக்கு ஆளுயரத்துக்குச் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டினேன். வழியே ஆடு ஓட்டிக்கொண்டு போன பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “பனைக்கு எதுக்கு சார் சட்டை?” என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் மைதானத்திலிருந்து ஒரு பையன், “பிடிக்கேன்!” என்று கத்தினான்.