பலகாரக் கடைக்குத் தீயணைப்பு உரிமம் வாங்கிய கதை

போன தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது எங்கள் முறுக்கு வாணலி தீப்பிடித்தது. மாஸ்டர் அடுத்த ஈட்டுக்கு மாவு பிசையப் போயிருந்தார், அடுப்பைக் குறைக்கவில்லை, எண்ணெய் புகைந்ததை யாரும் கவனிக்கவில்லை. குப்பென்று பற்றியதும், உதவிக்கு வந்திருந்த பையன் வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். மாஸ்டர் போட்ட சத்தத்தில் அவன் அப்படியே நின்றான், அது நாங்கள் செய்த புண்ணியம். எரிகிற எண்ணெயில் விழும் தண்ணீர் அடியில் போய் நொடியில் ஆவியாகும், ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும், எண்ணெயை நெருப்போடு கூரை வரை தூக்கியடிக்கும் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். மாஸ்டர் கேஸை மூடிவிட்டுப் பெரிய தாம்பாளத்தைப் பக்கவாட்டில் தள்ளி வாணலியை மூடினார். அரை மணி நேரம் யாரையும் அதைத் தொட விடவில்லை, சூடு இறங்காமல் திறந்தால் மறுபடி பற்றிக்கொள்ளும் என்றார்.

தீயணைப்பான் இருந்தது. அடுப்புக்கு நேர் மேலே, சுவரில். நெருப்புக்குள் கையை விட்டால்தான் எடுக்க முடியும்.

கும்பகோணத்தில் எங்களுக்கு மாடியில் வீடு, கீழே கடையும் பட்டறையும். ராத்திரி என் மாமியாரும் பிள்ளைகளும் அந்த அடுப்புக்கு மேலேதான் தூங்குகிறார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தீபாவளி முடிந்ததும் தீயணைப்புத் துறை உரிமத்துக்கு இணையத்தில் விண்ணப்பித்தேன். கட்டட வரைபடம், வீட்டு வரி ரசீது, உணவுப் பாதுகாப்புச் சான்று, தீயணைப்பான் வாங்கிய பில் என்று ஏற்றினேன். வரைபடத்தில் பின்பக்க வழி தெளிவாக இல்லை என்று ஒரு தடவை திரும்பி வந்தது. சரி செய்து அனுப்பியதும், தை பிறந்து ஒரு வாரத்தில் நிலைய அலுவலர் நேரில் வந்தார்.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஒன்றரை மணி நேரம் இருந்தார். முதலில் தீயணைப்பானைக் கழற்றச் சொல்லி அதன் அழுத்தம் காட்டும் முள்ளைக் காட்டினார், சிவப்பில் கிடந்தது. வருடா வருடம் ஒருவர் வந்து புது ஸ்டிக்கர் ஒட்டிப் பணம் வாங்கிப் போவார், நான் ஸ்டிக்கரில் தேதியைப் பார்ப்பேனே தவிர முள்ளை ஒருநாளும் பார்த்ததில்லை. அது பச்சையில் நிற்கிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும், இதைப் படிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள். அப்புறம் அவர் சொன்னது, பவுடர் வகை எண்ணெய்த் தீயை அமுக்கும், ஆனால் எண்ணெயைக் குளிர வைக்காது, பொரிக்கிற இடத்துக்கு எண்ணெய்த் தீக்கென்றே உள்ள, திரவம் அடைத்த கே வகை வேண்டும், அதையும் அடுப்புப் பக்கம் மாட்டாமல் வெளியேறும் வாசல் பக்கம் மாட்ட வேண்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேனின் கூண்டில் விரலை வைத்து இழுத்தார், மெழுகு மாதிரி பிசுக்கு சுருண்டு வந்தது. கீழே பற்றினால் முதலில் இதுதான் பிடிக்கும் என்றார். கிரைண்டரும் ஃபேனும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் ஓடின, அதன் பிளக் லேசாகப் பழுப்பேறியிருந்தது. பின்கதவு மைதா மூட்டைக்குப் பின்னால் இருந்தது.

அந்த மூட்டைகளை நகர்த்திக் கொல்லைப் பக்கம் போனோம். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும் என்று மாஸ்டர் சொல்லி, 19 கிலோ சிலிண்டர்களை நான் வெளியே மேடை கட்டித்தான் வைத்திருந்தேன். மொத்தமாக 100 கிலோவைத் தாண்டினால் தனி உரிமம் வேண்டும் என்பதால் ஐந்துக்கு மேல் வைப்பதும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அலுவலர் சிலிண்டரைப் பார்க்கவில்லை, அண்ணாந்து பார்த்தார். வெயில் படக்கூடாதென்று மேலே கீற்றுக் கொட்டகை போட்டிருந்தோம்.

"ஏம்மா, கும்பகோணத்துல இருந்துக்கிட்டு கீத்துக்குக் கீழயா?" என்றார். திட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்.

2004 ஜூலை 16. இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் சமையல் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் போன நாள். அப்போது நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, ஆஸ்பத்திரி வாசலில் நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன். அந்த நாள் வந்தால் இன்றும் மெழுகுவத்தி ஏற்றப் போகிறவள் நான். ஆறு வருடமாக என் கொல்லையில் அதே கீற்று, அதற்கு ஐந்தடி கீழே கேஸ். அவர் முன்னால் என்னால் எதுவும் பேச முடியவில்லை.

அன்று சாயங்காலமே கொட்டகையைப் பிரித்தோம். தகரம் போட்டோம், மூட்டைகள் இடம் மாறின, கிரைண்டருக்குத் தனி லைன் இழுத்து, கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கிற ஆர்சிசிபி வைத்தோம். கேஸ் டியூப் எல்லாம் மாற்றினோம், ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு டியூபை ஓட்டக்கூடாதாம். சிலிண்டரின் கைப்பிடிக்குக் கீழே உள்ள பட்டையில், அதை அடுத்துச் சோதிக்க வேண்டிய காலம் ஆங்கில எழுத்தும் வருடமுமாக இருக்கும் (ஏ என்றால் ஜனவரியிலிருந்து மார்ச், டி என்றால் கடைசி மூன்று மாதம்), அந்தத் தேதி தாண்டிய சிலிண்டரை இப்போது நாங்கள் இறக்குவதே இல்லை. கேஸ் கசிந்தால் கூப்பிட வேண்டிய 1906, தீக்கு 101, இரண்டையும் கல்லாவுக்குப் பின்னால் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாமாகச் சேர்த்துச் செலவு கொஞ்சம் அதிகம்தான், ஒரு மாத லாபம் போய்விட்டது. மாசியில் மறுபடி வந்து பார்த்தார்கள், பங்குனியில் உரிமம் கைக்கு வந்தது.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். நிலையத்தில் கேட்டேன், இரண்டு வீரர்கள் வந்து தெருவில் தகரத்தட்டில் தீ மூட்டி எங்கள் எல்லோருக்கும் பழக்கிக் கொடுத்தார்கள். தீயணைப்பானின் பின்னை இழு, குழாயைத் தீயின் அடிக்குக் காட்டு, அழுத்து, இடமும் வலமுமாக வீசு. அரை நிமிடம்கூட வராது, தீர்ந்துவிடும். மாவு சலிக்கிற அக்கா மட்டும் கிட்டவே வரமாட்டேன் என்று கடைப்படியில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவர் கையிலும் கொடுத்தோம். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார், தீ அணைந்த பிறகும் விடவில்லை, பவுடர் தீர்ந்து காற்று மட்டும் வரும்வரை அழுத்திக்கொண்டே நின்றார்.