கேட் போட்டுட்டாங்க

வடசென்னையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி வேலைக்குப் போனவர்கள் தாமதத்திற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. "கேட் போட்டுட்டாங்க" என்றால் போதும். நான் அப்படிச் சொன்ன நாட்களில் பாதிக்கு மேல் கேட் திறந்துதான் இருந்தது. சாவியைத் தேடப் போய், கண்ணில் பட்ட பழைய ரசீதுகளை அடுக்க உட்கார்ந்து, அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுதான் உண்மை. அதைச் சொன்னால் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் பெயர் என்னவென்று எனக்குத் தெரியும்.

ஆனால் தெருவில் தண்ணீர் லாரி வந்துவிட்டால் முதல் ஆளாகக் குடத்தோடு நிற்பவளும் நானே. அவசரமோ ஆர்வமோ பிடித்துத் தள்ளினால் ஓடுகிற மூளை, மின்கட்டணம் கட்டுவது போன்ற சாதாரண வேலைக்கு மட்டும் அசைய மறுப்பதை, "இஷ்டம் இருந்தா செய்வா" என்றே மாமியார் புரிந்துகொண்டார். பல வருடம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தம்பி மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் அடங்காத துள்ளலுமாகத் தெரியும் மூளை வளர்ச்சி வேறுபாடு) என்று சொன்ன மருத்துவர் அறிகுறிகளை விளக்கியபோது, அவற்றில் துள்ளலைத் தவிர மற்றதெல்லாம் என்னுடையவையாக இருந்தன. துள்ளல் இல்லாமலும் இது வரும் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1980லேயே, அதாவது நான் பிறப்பதற்கு முன்பே, குறித்திருக்கிறது. பெண் பிள்ளைகளிடம் பெரும்பாலும் தெரிவது இந்த அமைதியான வகைதான் என்பதால், வகுப்பைக் கலைக்காத பிள்ளையை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போவதில்லை.

எனக்கான முறை வந்தபோது ஒரு சிக்கல். கவனக் குறைவுக்கான ஒன்பது அறிகுறிகளில் பெரியவர்களுக்கு ஐந்து இருந்தால் போதும். ஆனால் சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். (2013 வரை அந்த எல்லை 7 வயதாக இருந்ததாம்.) அதற்குச் சாட்சி அம்மா. அம்மாவோ பெருமையாக, "இது ஒரு தொல்லையும் குடுக்கல டாக்டர், உக்கார வெச்ச எடத்துலயே இருக்கும்" என்று முடித்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்து நான் எங்கெங்கோ போய் வந்ததை அவர் எப்படி அறிவார்?

திரும்பும் வழியில் கேட் நிஜமாகவே போட்டிருந்தார்கள். ஆட்டோவில் காத்திருந்தபோது அம்மா தானாகவே, "அஞ்சாங்கிளாஸ்ல நாலு டிபன் பாக்ஸ் தொலைச்சியே, அப்புறம் பூரா வருஷமும் இலையிலதான் கட்டிக் குடுத்தேன்" என்றார். அதை அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லும்படி கேட்டிருக்கிறேன். அடுத்த முறைக்கான தேதியை எழுதிக் கொடுத்த சீட்டைத்தான் மூன்று நாட்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.