ஸ்பானிஷ்ல ‘எனக்கென்ன வந்துச்சு’ன்னு சொல்ல எத்தனை வழி

ஸ்பானிஷ் கத்துக்க ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே காதுல விழுற சொல் ‘மே தா இக்வால்’. எதுவா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்னு அர்த்தம். காபியா டீயான்னு கேட்டா தாராளமா சொல்லலாம், ஆனா ஒரு ஃப்ரெண்ட் மனசுல இருக்கறத எல்லாம் கொட்டி முடிச்ச உடனே இதச் சொன்னா அவங்களுக்கு சுருக்குன்னு குத்தும். கிளாஸ்ல அர்த்தத்த மட்டும் எழுதிப் போட்டுட்டு எங்க சொல்லலாம் எங்க சொல்லக்கூடாதுங்கறத விட்டுடுறாங்க, எனக்கு ரொம்ப நாளா இருக்குற ஆதங்கம் இது.

அடுத்து வர்றது பூரா காய்கறி. ‘மே இம்போர்தா உன் பிமியென்தோ’ன்னா இந்த விஷயம் எனக்கு ஒரு குடமிளகாய் அளவுக்குத்தான் முக்கியம். குடமிளகாய எடுத்துட்டு வெள்ளரிக்காய் போடலாம் (பெபினோ), முள்ளங்கி போடலாம் (ராபனோ), சீரகம் கூட போடலாம் (கொமினோ). எனக்கு ரொம்பப் புடிச்சது ‘பிளேதோ’, நம்ம தண்டுக்கீரை இருக்குல்ல அந்த வகையறாச் செடி, காட்டுல மேட்டுல தானா முளைக்கும், இந்த ஒரு தொடர விட்டா இன்னிக்கு அந்தப் பேரு பேச்சுல வர்றதே அபூர்வம். இன்னொரு கூத்து, முன்னாடி ‘நோ’ சேத்து ‘நோ மே இம்போர்தா உன் பிளேதோ’ன்னாலும் அதே அர்த்தம்தான், சேக்காட்டியும் அதே அர்த்தம்தான். ஒரு கீரை அளவுக்கு முக்கியம்னாலும் ஒண்ணுமில்ல, கீரை அளவுக்குக்கூட இல்லன்னாலும் ஒண்ணுமில்ல. இதுல லாஜிக் தேடாம அப்படியே வாயில போட்டுக்கணும்.

காய்கறி எல்லாம் கொஞ்சம் கோவமா சொல்றது, ஆனா கெட்ட வார்த்தை இல்ல. உடம்பு உறுப்ப வச்சு சொல்றது தனியா ஒரு பெரிய வரிசை இருக்கு, அத இங்க எழுதல, நெருங்குன நண்பர்கள்கிட்ட தவிர வேணாம்.

ஸ்பெயின்ல ‘பாசோ’ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சுக்குவாங்க, எனக்கு வேணாம், நான் இதுல தலையிடலங்கற மாதிரி. இதுக்குப் பின்னாடி ஒரு காலகட்டமே இருக்கு. 1975ல சர்வாதிகாரி ஃபிராங்கோ செத்ததும் நாடு ஜனநாயகத்துக்கு மாறுச்சு, 1978ல புது அரசியலமைப்பு வந்துச்சு, ஊரே அரசியல் பேசிட்டு இருந்தப்ப கட்சியும் வேணாம் கொள்கையும் வேணாம்னு ‘பாசோ தெ தோதோ’, எல்லாத்தையும் விட்டுட்டேன்னு சொல்லிட்டு ஒரு கூட்டம் இளைஞர்கள் ஒதுங்குனாங்க. அவங்களுக்கு ‘பசோதா’ன்னு பேரு வச்சாங்க, அந்த மனநிலைக்கு ‘பசோதிஸ்மோ’. வெறும் சோம்பேறித்தனம்னு அத ஒதுக்கறது தப்புன்னு நான் நினைக்கிறேன், பெருசா எதிர்பாத்து ஏமாந்த சலிப்பும் அதுல நிறைய இருந்துச்சு.

ஜாலியா சொல்லணும்னா ‘ஆ மி பிளின்’. பிக்கோலின்னு ஒரு மெத்தை கம்பெனி ‘எனக்கென்ன, நான் தூங்குறது பிக்கோலின்ல’ன்னு எதுகை மோனையா விளம்பரம் போட்டு, அது எல்லார் வாயிலயும் ஒட்டிக்கிச்சு. எவ்ளோ சொல்லியும் காதுல வாங்காத ஆளப் பத்தின்னா ‘கோமோ கியென் ஓயே யோவெர்’, மழை பெய்யுற சத்தம் கேக்குற மாதிரி உக்காந்திருக்கான்னு சொல்வாங்க. இத அம்மாக்கள் பசங்களப் பத்தி சொல்லிக் கேக்கணும், அவ்ளோ பொருத்தமா இருக்கும்.

கடைசியா, உண்மையிலயே மாட்டிவிடக்கூடிய ஒண்ணு: ‘மே வாலே’. ஸ்பெயின்ல அஞ்சு மணிக்கு வந்தா ஓகேவான்னு கேட்டா ‘மே வாலே’ன்னு சொல்லலாம், எனக்கு சரியா வரும்னு அர்த்தம். அதே பதில மெக்சிகோல சொன்னா ‘நீ வந்தா என்ன வராட்டி என்ன’ன்னு ஆயிடும். அங்க அதோட ‘மாத்ரே’வையும், அதாவது அம்மாவையும், சேத்தா இன்னும் கொச்சை, ‘எதப் பத்தியும் கவலைப்படாத குணம்’ங்கறதுக்கு ‘வலேமாத்ரிஸ்மோ’ன்னு ஒரு சொல்லே அதுல இருந்து வந்திருக்கு. அதனால மெக்சிகோக்காரங்களோட வேலை பாக்குறவங்க, மீட்டிங் டைம் கேட்டா ‘எஸ்தா பியென்’ன்னு மட்டும் சொல்லுங்க, அது எல்லா நாட்டுலயும் ‘சரி’தான்.