வேண்டியவரா?

யேமன் கைதிகள் விவகாரத்தில் எங்கள் தூதரகத்துக்கு அதிகாரபூர்வமான இடம் ஏதும் இருக்கவில்லை. ஸ்டாக்ஹோமில் 2018 டிசம்பரில் ஒப்புக்கொண்டபடி, உள்நாட்டுப் போரில் மோதிய யேமன் அரசு, ஹூதி கிளர்ச்சியாளர்கள் ஆகிய இரு தரப்பும் கொடுத்த கைதிகள் பட்டியல்களில் சுமார் 15,000 பெயர்கள் இருந்தன. அவற்றைப் பைசல் செய்யும் கூட்டங்களை நடத்தியவர்கள் ஐ.நா. தூதரின் அலுவலகத்தாரும் செஞ்சிலுவைச் சங்கத்தாரும். ஜோர்டான் தலைநகர் அம்மானில் அக்கூட்டங்கள் நடந்தபோது பிரதிநிதிகளைத் தனியே சந்தித்து, நோயுற்றோரை முதலில் விடுங்கள், குடும்பத்தாரின் கடிதங்களைத் தடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்வது மட்டுமே எங்களால் முடிந்தது.

2019 பிப்ரவரியில் அப்படியொரு சந்திப்பில் நான் கொடுத்த நோயாளிகள் பட்டியலை, ஒரு தரப்பின் பிரதிநிதி பேனா மூடியால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஒரு பெயரில் மூடி நின்றது. சர்க்கரை நோயால் காலில் புண் ஆறாமல் கிடந்த ஓர் ஆசிரியர். அவருடைய தம்பி எங்கள் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர். "இவர் உங்களுக்கு வேண்டியவரா?" என்று கேட்டார் பிரதிநிதி. "இல்லை, எல்லாரையும் போலத்தான்" என்றேன். மூடி அடுத்த வரிக்கு நகர்ந்தது.

வேண்டியவர் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதரின் விலை அக்கணமே ஏறியிருக்கும். ஹூதிகள் பிடித்து வைத்திருந்த யேமன் பாதுகாப்பு அமைச்சர் மஹ்மூத் அல்-சுபைஹியை விடுவிக்கும்படி ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2015 ஏப்ரல் 14 அன்று 2216ஆம் தீர்மானத்தில் பெயர் சொல்லியே கேட்டது. அவர் ஏடனில் வந்திறங்கியது 2023 ஏப்ரல் 14 அன்று. ஹூதிகளிடம் சிக்கிய அரசியல் தலைவர் முகம்மது கஹ்தானுக்கு ஈடாக, அவர் உயிரோடிருந்தால் 50 கைதிகள், இல்லையென்றால் 50 உடல்கள் என்று 2024இல் மஸ்கட்டில் பேசினார்கள். பின்னால் நடந்தவற்றை முன்னால் சொன்ன பதிலுக்குச் சாட்சியாக நிறுத்துவது நேர்மையா என்பது வேறு விஷயம். ஆனால் சுபைஹியைக் காட்டி எனக்காக நானே வாதாடும்போது இன்னொன்றும் உறுத்துகிறது: எட்டு ஆண்டு கழித்தாவது அவர் உயிரோடு வந்தார். ஊரறிந்த பெயர் என்பதால்தான் சாகவிடாமல் வைத்திருந்தார்களோ என்னவோ.

2019 செப்டம்பர் 1 அன்று, யேமனின் தமார் நகரில் ஹூதிகள் சிறையாக மாற்றியிருந்த கல்லூரிக் கட்டடத்தின் மீது, அரசுத் தரப்பை ஆதரித்த சவூதி தலைமையிலான கூட்டணியின் விமானங்கள் குண்டு வீசியதில் 100 பேருக்கும் மேல் மாண்டார்கள். ஆசிரியரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. தம்பி தொலைபேசியில் அழைத்தபோது, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பிரதிநிதியிடம் கேட்டிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். ஆனால் 'எல்லாரையும் போல' என்று சொன்ன ஒருவரைப் பற்றித் தனியாக எப்படிக் கேட்பது? செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகச் செய்தி வரும்வரை காத்திருக்கச் சொன்னேன். அன்று அதுதான் முறை என்று தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் அந்தத் தம்பியிடம் அதை விளக்கும் தைரியம் எனக்கில்லை.

2020 அக்டோபரில் விடுதலையான 1,056 பேரில் ஆசிரியர் இல்லை. 2023 ஏப்ரலில் வந்தார், ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல். தம்பி அழைத்து, "அண்ணனுக்காகப் பேசினீர்கள்தானே?" என்றார். பெயர் பட்டியலில் இருந்தது என்றேன். அதையே பேசியதாக எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

அந்தப் பிரதிநிதி யார் பட்டியல் கொடுத்தாலும் ஏதாவது ஒரு பெயரில் நிறுத்தி அப்படிக் கேட்டு ஆழம் பார்ப்பார் என்று உடன் பணியாற்றிய ஒருவர் பிற்பாடு சொன்னார். உண்மையாக இருக்கலாம். அப்படியானால் நான் எந்தப் பதில் சொல்லியிருந்தாலும் ஒன்றுதான் என்று அவர் என்னைத் தேற்றினார். அதை ஒத்துக்கொள்ள மட்டும் எனக்கு மனம் வரவில்லை.