இரண்டாவது தடவை மனுப் போடும் கைதிகள்

ஆட்கொணர்வு மனு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, போலீஸ் கூட்டிக்கொண்டு போன ஆளைக் காணோம் என்று குடும்பத்தார் ஹைகோர்ட்டில் போடுகிற மனுதான். அமெரிக்காவில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. மாநில நீதிமன்றம் தண்டித்து, மேல்முறையீடெல்லாம் முடிந்துபோன கைதி, தன் விசாரணையே அரசியலமைப்புக்கு விரோதமாக நடந்தது என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் முறையிடுவதும் இந்த மனு மூலமாகத்தான்.

முதல் மனு தோற்றுவிட்டால்? 1996-ல் வந்த சட்டம் இரண்டாவது மனுவைக் கிட்டத்தட்ட அடைத்தே விட்டது. மீதி இருக்கும் இரண்டு சந்துகளில் ஒன்று, உச்ச நீதிமன்றம் புதிதாக ஒரு அரசியலமைப்பு விதியை வகுத்து, அது முடிந்துபோன வழக்குகளுக்கும் செல்லும் என்று ஆக்கியிருப்பது.

லூசியானா கைதி டைலர் இதை நம்பித்தான் போனார். அவர் மீதான கொலைக் குற்றம் கொடியது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 'நியாயமான சந்தேகம்' என்றால் என்ன என்று ஜூரிகளுக்கு விளக்கிய ஒரு வாசகம், குற்றத்தை நிரூபிக்க வேண்டிய அரசுத் தரப்பின் சுமையைக் குறைத்துவிடுகிறது என்று 1990-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது, தன் வழக்கிலும் ஏறக்குறைய அதே வாசகம்தான் என்றார் அவர். 2001-ல் 5-4 என்று தோற்றார். அந்த விதி பழைய வழக்குகளுக்கும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே தீர்ப்பாகச் சொல்லியிருக்க வேண்டுமாம். சரி, இப்போது சொல்லலாமே என்றால், இவருடையது இரண்டாவது மனு, இப்போது சொன்னாலும் இவருக்குப் பயன்படாது, அதனால் சொல்ல மாட்டோம் என்றார்கள். படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை.

இதைவிட மோசம் கெடு. புதிய உரிமை அங்கீகரிக்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும், அது பழையவர்களுக்கும் உண்டு என்று அறிவித்த நாளிலிருந்து அல்ல என்று 2005-ல் டாட் வழக்கில் தீர்ப்பு. சிறுவர்களுக்குக் கட்டாயமாகப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை கூடாது என்ற தீர்ப்பு வந்தது 2012 ஜூனில், அது முன்பே தண்டிக்கப்பட்டவர்களுக்கும் பொருந்தும் என்றது 2016 ஜனவரியில். ஓராண்டுக் கெடு 2013 ஜூனிலேயே முடிந்துவிட்டது! செல்லுமா என்று தெரியாத உரிமைக்காக, பெரும்பாலும் வக்கீலே இல்லாமல், சிறைக்குள் இருந்தபடி ஒருவர் முன்கூட்டியே மனு எழுதிப் போட்டிருக்க வேண்டும். சட்டத்தில் அந்தக் கெடு தொடங்கும் நாளை மட்டும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மாற்றியிருந்தால்கூட எத்தனையோ பேருக்கு நேரம் கிடைத்திருக்கும்.