நீண்ட நாள் உழைக்கும் டயர் யாருக்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் டயர் மாற்றப் போனால், "அண்ணே, இது ரொம்ப நாள் தாங்கும்" என்ற பரிந்துரைதான் முதலில் காதில் விழுகிறது. தாங்கும்தான், ஆனால் கடினமான ரப்பர் கலவை மெதுவாகத் தேய்ந்தாலும், பொதுவாக ஈரச் சாலையில் அதன் பிடிமானம் குறைவு, குழியில் இறங்கும் அதிர்வும் இருக்கை வரை ஏறும். டயரின் பக்கச்சுவரில் 'டிரெட்வேர்' (தேய்மானத்தைத் தாங்கும் அளவு) என்று அச்சிட்டிருக்கும் 300, 500 போன்ற எண்கள், 100 என மதிப்பிட்ட ஓர் ஒப்பீட்டு டயரை அடிப்படையாகக் கொண்டு தயாரிப்பாளரே இடுபவை என்பதால், ஒரு நிறுவனத்தின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு நேராக ஒப்பிட இயலாது.

செம்பனை (எண்ணெய்ப்பனை) லாரிகள் சேற்றை இழுத்துவிட்டுப் போகும் தோட்டச் சாலையில், மாலை மழையில் பிரேக் மிதிக்கும் எனக்கு ஈரப் பிடிமானமே முதன்மை. மேலும், கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடும் காரில் டயரின் பூ, அதாவது சாலையைத் தொடும் வரிப்பகுதி, தேயும் முன்பே ரப்பர் வெயிலில் இறுகிவிடும். அங்கே நீண்ட ஆயுளுக்குக் கொடுக்கும் பணம் வீண்தான். வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்: '2324' என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. நாள்தோறும் ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய் வருபவர்களின் கணக்கு வேறு. அவர்கள் நடுத்தரக் கலவையைத் தேர்ந்தெடுத்து, காற்றழுத்தத்தைத் தவறாமல் சரிபார்ப்பதே நல்லது.