கேரவனுக்கு ஒயரிங் போட்ட பிறகு கார் செய்த சேட்டைகள்

கேரவனின் பிரேக்கைக் காரிலிருந்தே இயக்கும் பிரேக் கண்ட்ரோலர் மாட்டிய பிறகுதான் எங்கள் வண்டிக்கு ஒவ்வொரு கோளாறாக வர ஆரம்பித்தது. அதுவரை ஆயில் மாற்றுவதைத் தவிர பெரிதாகச் செலவு வைக்காத டீசல் எஸ்யூவி. நாங்கள் இருப்பது மெல்பர்னில். காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டியான கேரவன், பழையது ஒன்று நல்ல விலைக்கு வந்தது என்று வாங்கினோம். இரட்டை அச்சு, நான்கு சக்கரத்திலும் எலக்ட்ரிக் பிரேக், உள்ளே கேஸ், 240 வோல்ட், 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் ஃப்ரிட்ஜ்.

ஆஸ்திரேலியாவில் 750 கிலோவைத் தாண்டிய ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். எங்களுடையது போல 2 டன்னைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் இருக்க வேண்டும், அதை ஓட்டுபவர் இருக்கையிலிருந்தே இயக்க முடிய வேண்டும். போகிற வழியில் கேரவன் கழன்றுவிட்டால் தானாகவே பிரேக் பிடித்து 15 நிமிடமாவது விடாமல் நிற்கவும் வேண்டும். ஆகவே காரில் மூன்று வேலைகள்: பின்னால் தட்டையான 7 பின் சாக்கெட், டேஷ்போர்டுக்குக் கீழே பிரேக் கண்ட்ரோலர், ஃப்ரிட்ஜுக்கு பாட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து, அதிகக் கரண்ட் தாங்கும் ஒரு ஆண்டர்சன் பிளக். மூன்றையும் ஒரே கடையில் ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார்கள். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம்.

முதலில், வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைக்கும் க்ரூஸ் கண்ட்ரோல் போனது. கேரவன் இல்லாமல் தனியாகப் போகும்போதுகூட, மேடுபள்ளத்தில் ஏறி இறங்கினால் தானே விட்டுவிடும். அப்புறம் கேரவனின் விளக்குகள். இடது இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் கூடவே மங்கலாகத் துடிக்கும். பிரேக்கை மிதித்தால் டெயில் லைட் அணைவது போலாகும். கேரவன் பிரேக்கும் சோம்பேறித்தனமாகப் பிடித்தது. லேக்ஸ் என்ட்ரன்ஸ் என்ற கடலோர ஊரில் ஒரு இரவு கேரவனைக் கழற்றாமல் அப்படியே விட்டுத் தூங்கினோம். காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு சரி.

வழக்கமாக சர்வீஸுக்கு விடும் பட்டறையில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் சொன்னார்கள்: வண்டியின் எலக்ட்ரிக் வேலைகளைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் பழுதாம். பெட்டியை மாற்றி, சாவியையும் புதிதாக புரோகிராம் செய்ய வேண்டுமாம். எதையும் அளந்து பார்க்காமல் சொன்ன காரணம் அது. எனக்கு ஒப்பவில்லை.

எங்கள் பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் இருக்கிறார். ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். (வருத்தம் என்றால் அவர் பேச்சில் நோய்.) “மூண்டு வருத்தம் எண்டால் மூண்டு வருத்தம்தான் தம்பி. எல்லாம் ஒண்டெண்டு நினைச்சுத் தேடாதையும். வேலை செய்த ஆள் எங்கெங்க கை வைச்சவரோ, அங்க மட்டும் பாரும்.”

எனவே மீட்டரை எடுப்பதற்கு முன் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். கடைக்காரர் கை வைத்த இடங்களை மட்டும் வரைந்தேன். கண்ட்ரோலரிலிருந்து நான்கு ஒயர்கள் வருகின்றன. கறுப்பு பாட்டரிக்கு, வெள்ளை எர்த்துக்கு (கரண்ட் பாட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி), சிவப்பு பிரேக் பெடல் ஸ்விட்ச்சுக்கு, நீலம் பின்னால் சாக்கெட்டுக்கு. சாக்கெட்டில் மஞ்சள் இடது இண்டிகேட்டர், கறுப்பு ரிவர்ஸ், வெள்ளை எர்த், பச்சை வலது இண்டிகேட்டர், நீலம் ட்ரெய்லர் பிரேக், சிவப்பு பிரேக் லைட், பழுப்பு டெயில் லைட். இது ஆஸ்திரேலியக் கணக்கு. யூட்யூபில் கிடைக்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்கர்கள் போட்டவை. அங்கே அந்தக் கறுப்பு ஒயரில் பாட்டரியின் 12 வோல்ட் வரும், பிரேக் லைட்டும் இண்டிகேட்டரும் பெரும்பாலும் ஒரே ஒயரில் ஓடும். அதைப் பார்த்து இங்கே கை வைத்தால் ஃபியூஸ் போவது நிச்சயம்.

விளக்குகளிலிருந்து ஆரம்பித்தோம். ஒரு விளக்கு போட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று மங்கலாக எரிகிறது என்றால் முதல் சந்தேகம் எர்த் மேல்தான். போன கரண்ட் வெள்ளை ஒயர் வழியாகத் திரும்பி வர முடியாவிட்டால், வேறு பல்புகளின் இழை வழியாக நுழைந்து காருக்குத் திரும்பப் பார்க்கும். எங்கள் கேரவனில் பழைய இழை பல்புகள் இருந்ததால் இது கண்ணுக்குத் தெரிந்தது. எல்இடி-யாக இருந்தால் இவ்வளவு பளிச்சென்று காட்டிக்கொடுத்திருக்காது.

நான் மீட்டரை ஓமில் வைத்து, சாக்கெட்டின் வெள்ளைப் பின்னுக்கும் பாட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தேன். அரை ஓம் அளவில் காட்டியது. இது போதாதா என்று கேட்டேன். “அந்த மீட்டர் ஊசிமுனை அளவு கரண்ட்தான் விட்டுப் பாக்கும். உம்மட பிரேக் கேக்கிறது அவ்வளவோ? லோட் குடுத்துப் பாரும்” என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எலக்ட்ரிக் பிரேக்கைப் பிடிக்கவைப்பது ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் ஒரு மின்காந்தம். இந்த அளவுப் பிரேக்கில் ஒரு மின்காந்தத்துக்குச் சுமார் 3.2 ஓம். நான்கும் பக்கம் பக்கமாகச் சேர்ந்தால் 0.8 ஓம். அதோடு வரிசையில் ஒரு அரை ஓம் சேர்ந்தால், வரும் வோல்ட்டேஜில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எர்த் வழியிலேயே போய்விடும். பிரேக் சோம்பேறியாகப் பிடித்ததற்கும் விடை இதிலேயே இருந்தது.

சோதிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேரவனைக் காரோடு இணைக்கும் ஹிட்ச் உருண்டையில் அது உட்கார்ந்திருந்தால், அந்த இரும்பு வழியாகவும் எர்த் ஓடும். ஒரு குலுக்கலில் எல்லாம் சரியாகி அடுத்த குலுக்கலில் மறுபடி கெடுவது அதனால்தான். ஆகவே சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கேரவனை உருண்டையிலிருந்து தூக்கி, பிளக்கை மட்டும் சொருகினோம். என் மனைவி காரில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, நான் பாட்டரி நெகட்டிவிலிருந்து நீண்ட ஒயர் இழுத்து, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து வெள்ளைப் பின்னைத் தொட்டேன். எர்த் நன்றாக இருந்தால் 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. கிட்டத்தட்ட 4 வோல்ட் நின்றது.

அப்புறம் சுலபம். சாக்கெட்டின் வெள்ளைப் பின்னிலிருந்து அந்த ஒயரின் மறுமுனையில் இருக்கும் வளையம் வரை அளந்தால் ஒன்றுமில்லை. வளையத்திலிருந்து டோபாரின் (ஹிட்ச் உருண்டையைத் தாங்கும், காரின் பின்பக்க இரும்புச் சட்டம்) வெறும் இரும்பு வரை அளந்தால் மொத்த வோல்ட்டேஜும் அங்கே. வளையத்தை டோபாரின் கறுப்பு பெயிண்டுக்கு மேலேயே வைத்து ஸ்க்ரூ முடுக்கியிருந்தார்கள். பெயிண்டுக்குள் இறங்கிய ஸ்க்ரூவின் மரை மட்டும்தான் கரண்டைக் கடத்திக்கொண்டிருந்தது. அந்த ஒயரையே கழற்றிவிட்டு, தடித்த ஒயர் ஒன்றைச் சேஸிஸின் எர்த் போல்ட்டுக்குக் கொண்டுபோய், பளபளவென்று தேய்த்த இரும்பில் பல் வாஷர் வைத்து முடுக்கி, மேலே பெயிண்ட் அடித்தோம். இங்கே கடையில் ‘6 எம்எம் ஆட்டோ கேபிள்’ என்று விற்பது பிளாஸ்டிக் உறையோடு சேர்த்த குறுக்களவு. உள்ளே இருக்கும் செம்பு 4.6 சதுர மில்லிமீட்டர்தான். பெயரைப் பார்த்து ஏமாற ஏற்ற பொருள். மறுபடி மிதித்துப் பார்த்தால் 0.1 வோல்ட். டெயில் லைட் துடிப்பதும் நின்றது.

க்ரூஸ் கண்ட்ரோல்தான் உண்மையில் பொறுமையைச் சோதித்தது. காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த பிழைகளைப் படிக்கும் ஓபிடி ரீடரைச் சொருகினால் பி0504 என்ற பிழைக் குறியீடு. பிரேக் ஸ்விட்ச்சிலிருந்து வரும் இரண்டு சிக்னல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது அதன் பொருள். பெடல் ஸ்விட்ச்சில் நான்கு ஒயர்கள். ஒரு ஜோடி மிதிக்கும்போது சேரும், பிரேக் லைட்டுக்கு. இன்னொரு ஜோடி மிதிக்காதபோது சேர்ந்திருக்கும், மிதித்தால் பிரியும். எஞ்சின் கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் முரண்பட்டாலும் க்ரூஸை விட்டுவிடும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான்.

ஸ்விட்ச்சை மாற்று என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கழற்றி மேஜையில் வைத்து அளந்தேன். அழுத்தினால் ஒரு ஜோடி சேர்ந்தது, மற்றது பிரிந்தது. ஸ்விட்ச்சில் குற்றமில்லை. அப்படியென்றால் ஒயர். டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, கண்ட்ரோலரின் சிவப்பு ஒயர் எங்கே போய்ச் சேர்கிறது என்று விரலால் தடவிக்கொண்டே போனேன். (அந்த இடத்தில் மஞ்சள் உறை போட்ட ஒயர் தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். ஏர்பேக் ஒயர் அது. டெஸ்ட் பல்பை அங்கே கொண்டுபோவதுகூட ஆபத்து.)

சிவப்பு சரியான ஒயரில்தான் சேர்ந்திருந்தது. சேர்த்த விதம்தான் கோளாறு. ஒயரை வெட்டாமல், ஒரு நீல பிளாஸ்டிக் கிளிப்பை மேலே வைத்து இடுக்கியால் நசுக்கினால், உள்ளே இருக்கும் தகடு உறையைக் கிழித்து இரண்டையும் சேர்த்துவிடும். வேலை ஒரு நிமிடத்தில் முடியும் என்பதால் பல கடைகளில் இதைத்தான் போடுகிறார்கள். எங்கள் வண்டியில் அந்தத் தகடு பக்கத்து ஒயரையும் கடித்திருந்தது. மிதிக்காதபோது சேர்ந்திருக்க வேண்டிய ஜோடியின் ஒயர் அது. உள்ளே சில இழைகள் மட்டுமே மிச்சம். இக்னிஷன் போட்டு, மீட்டரை வைத்துக்கொண்டு ஒயரை ஆட்டினால் வோல்ட்டேஜ் வந்து வந்து போனது. மேடுபள்ளத்தில் நடந்ததும் அதேதான்.

கிளிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு ஒயரையும் வெட்டிச் சேர்த்து, ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன். சால்டர் செய்தால் அந்த இடம் விறைத்துப்போய் அதிர்வில் முறியும் என்று சொல்பவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் மூட்டின் இரு பக்கமும் ஒயரை ஆடாமல் கட்டிவைத்தேன். பிழைக் குறியீட்டை அழித்த பிறகு அது திரும்பி வரவில்லை.

பாட்டரி இறங்கியதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் காத்திருக்கும் வேலை. பானட்டைத் திறந்துவைத்து, கதவின் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் தள்ளிக் கதவு மூடியிருக்கிறது என்று வண்டியை நம்பவைத்து, சாவியை வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்க அரை மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். அதற்குப் பிறகு வண்டி இழுக்கும் கரண்ட் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. எங்களுடையது அதோடு இன்னொரு 150-ஐச் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் தூங்கும் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும். அதனால் பிடுங்காமல், ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு நடுவே மில்லி வோல்ட்டில் அளந்துகொண்டே போனேன். கரண்ட் ஓடாத ஃபியூஸில் பூஜ்யம் காட்டும்.

அந்த 150-ஐக் காட்டிய ஃபியூஸின் மேல், கடைக்காரர் சொருகிய ஃபியூஸ் டேப் (ஃபியூஸிலிருந்து கரண்டைக் கிளையாக எடுக்கும் துண்டு) உட்கார்ந்திருந்தது. ஆண்டர்சன் பிளக்குக்குக் கரண்டைத் திறந்துவிடும் மின் ஸ்விட்ச்சான ரிலேயின் காயிலுக்கு அங்கிருந்துதான் கரண்ட் எடுத்திருந்தார்கள். சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் இடத்தில் எடுத்திருக்க வேண்டும். அவர்கள் எடுத்தது எப்போதும் உயிரோடு இருக்கும் இடம். ரிலேயைத் தொட்டால் வெதுவெதுப்பு. கேரவன் இல்லாதபோது இந்த 150 மில்லி ஆம்பியர் மட்டும்தான், பாட்டரி நாள்கணக்கில் தாங்கும். லேக்ஸ் என்ட்ரன்ஸில் நடந்தது வேறு. ரிலே எப்போதும் இணைப்பிலேயே இருந்ததால், 12 வோல்ட்டில் விட்டிருந்த ஃப்ரிட்ஜ் ராத்திரி முழுக்க மணிக்குப் பத்துப் பன்னிரண்டு ஆம்பியர்-அவர் என்று கார் பாட்டரியைக் குடித்திருக்கிறது. டேப்பை வேறு இடத்துக்கு மாற்றினேன். மாற்றும் முன், அந்த இடம் சாவியை எடுத்ததும் சாகிறதா, வண்டியைப் பூட்டிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சாகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்து, கண்ட்ரோலரை முழு அளவில் வைத்துக் கையால் பிரேக்கை இயக்கி, நீல ஒயரைச் சுற்றி டிசி கிளாம்ப் மீட்டரை மாட்டினால் 9 ஆம்பியரைத் தாண்டவில்லை. நான்கு காந்தம் இருந்தால் 12-க்காவது வர வேண்டும். அண்ணா வீட்டுக்குப் போய் ஒரு சின்ன திசைகாட்டியோடு வந்தார். ஒருவர் பிரேக்கை இயக்க, ஒவ்வொரு சக்கரமாக டிரம் பக்கத்தில் அதைக் கொண்டுபோனார். மூன்று சக்கரத்தில் முள் துள்ளித் திரும்பியது. பின் அச்சின் வலது சக்கரத்தில் அசையவே இல்லை.

“இது கடைக்காரரிட பிழை இல்லை தம்பி. இது நீர் வாங்கேக்கயே இருந்தது.”

டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் காந்தத்தின் ஒயர் உள்ளேயே அறுந்திருந்தது. அச்சுக்கு ஜோடியாக மாற்ற வேண்டும் என்பதால் பின் அச்சின் இரண்டு காந்தத்தையும் மாற்றினேன். கேரவனின் 240 வோல்ட் பக்கம் மட்டும் கை வைக்கவில்லை, அது உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை. மறுநாள் ஆளில்லாத சமமான ரோட்டில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போய், டயலை முன்பு வைத்திருந்த இடத்திலேயே வைத்து மிதித்தேன். கேரவன் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு டயர் கிறீச்சிட்டது. பூட்டாமல் பிடிக்கும் இடம் தெரியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். இப்போது டயல் பாதிக்கும் கீழே நிற்கிறது.